மூன்று மூட்டை மைதா

மண் சரிந்து ஊருக்கு வரும் ஒரே சாலை மூடிப்போன நாலாம் நாள் காலை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பெரிய பானைகள் கழுவி வைத்தபடி கவிழ்ந்து கிடந்தன. அவற்றில் போட எதுவும் இல்லை. வீடு போனவர்களும், வீடு எப்போது போகுமோ என்று பயந்து ஓடி வந்தவர்களுமாக நூற்று அறுபத்து மூன்று பேர் வகுப்பறைகளில் படுத்திருந்தார்கள். கடைசிக் கஞ்சியை ஆளுக்கு ஒரு கரண்டி என்று தலைமையாசிரியை தன் கையாலேயே முந்தின நாள் ஊற்றி முடித்திருந்தார். அவரிடம் இருந்த சின்ன ரேடியோவில் சாலையைச் சரிசெய்ய இன்னும் மூன்று நாளாவது ஆகும் என்றார்கள். மேகம் இறங்கி நிற்பதால் ஹெலிகாப்டரும் வராது என்றார்கள். காஸும் தீர்ந்துவிட்டது.

பேக்கரிக்காரம்மா மூன்றாம் வகுப்பு அறையின் மூலையில், நாத்தனாரோடு ஒரே போர்வையில் உட்கார்ந்திருந்தாள். சுகாதார அதிகாரி அவளைத் தேடி அங்கே வந்தார். ஊரில் அவருக்கு 'சீல் சார்' என்று பெயர். அவள் கடையைப் பூட்டி அரக்கு வைத்தது முதல் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அது நடந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது.

"அம்மா, உங்க கடையில சாமான் ஏதாவது தேறுமா?" என்றார்.

அவள் சுவரைப் பார்த்தாள். நாத்தனார்தான் வாயைத் திறந்தாள். "அது உங்களுக்குத்தானே சார் தெரியும். பூட்டினதும் நீங்க, சாவி வெச்சிருக்கறதும் நீங்க. நாங்க ஜன்னல் வழியா எட்டிக்கூடப் பாக்கலியே."

அவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற தெம்பு அவருக்கும் இல்லை. அவருடைய மனைவி நிறைமாதம். பக்கத்து அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தாள். "பட்டியல் எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு. மூணு மூட்டை மைதா. ஒரு மூட்டை கோதுமை மாவு. ஈஸ்ட், சர்க்கரை, பால் பவுடர். எல்லாமே தேதி தாண்டியிருக்கும்."

"தாண்டி பல மாசமாச்சு," என்றாள் பேக்கரிக்காரம்மா. பதினாலு மாதத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வந்து பாக்கறீங்களா? நான் தனியாப் பாத்தா எனக்கு சட்டம்தான் தெரியும். மாவு தெரியாது."

அவள் எழுந்து நின்றாள். மறுபடி உட்காரலாம் என்றுதான் பார்த்தாள். பக்கத்துப் பாயில் மேஸ்திரியின் நாலு பிள்ளைகளும் வரிசையாகப் படுத்திருந்தன. கடைக்குட்டிப் பெண் சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். "நானும் வரேன், நீ விழுந்தா தூக்க ஆள் வேணாமா," என்று நாத்தனாரும் கிளம்பினாள்.

கடைத்தெருவில் முழங்கால் அளவு சேறு. ஷட்டரில் ஒட்டிய துணியும் அரக்கும் ஈரத்தில் ஊறிப் பாதி தொங்கின. பூட்டு துருவேறிச் சாவிக்குத் திறக்கவில்லை. அதிகாரி ஒரு கல்லை எடுத்து நாலு போடு போட்டார். "நான்தான் உடைச்சேன்னு எழுதிடறேன்," என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

உள்ளே எல்லாம் விட்டது விட்டபடி இருந்தது. பூட்டிய அன்று கழுவக்கூட நேரம் கொடுக்கவில்லை. மாவு பிசையும் தொட்டியில் அன்றைய மாவு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் எறும்புகள்கூட இல்லை. அவற்றுக்கும் தின்ன எதுவும் மிஞ்சவில்லை போல. அடுப்பின் செங்கல் வாயில் பழைய சாம்பல். பின்பக்கத்து அறையில் அடுக்கி வைத்த விறகு மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது. அவளுடைய கணவன் அடுக்கியது. இந்த ஊரில் அவன் கையால் ஒரு பன் வாங்க ஆளில்லாமல் போன பிறகு, அவன் மலைக்குக் கீழே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்விட்டான். மாதம் ஒருதரம் வருவான். இப்போது அவனுக்கு இவள் உயிரோடு இருப்பதுகூடத் தெரியாது.

முதலில் ஈஸ்ட்டைப் பார்த்தாள். நாலு பொட்டலம், எல்லாம் பிரிக்காதவை. விறகு மூட்டி மழைத்தண்ணீரைக் கொதிக்கவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கு ஆறவைத்தாள். நாலு டம்ளரில் ஊற்றி, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் ஈஸ்ட்.

"தேதி தாண்டின ஈஸ்ட்டைத் தின்னா ஏதாவது ஆகுமா?" என்றார் அதிகாரி.

"இது பழசானா விஷமாகாது சார். செத்துப்போகும், அவ்வளவுதான். செத்துட்டா மாவு எழும்பாது. ரொட்டி கல்லு மாதிரி இருக்கும். பல்லு இருக்கறவங்க மெல்லுவாங்க. கிழவங்களும் பிள்ளைங்களும் என்ன பண்ணுவாங்க?"

மூவரும் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். முதல் இரண்டு டம்ளரிலும் பழுப்புத் தண்ணீர் அப்படியே கிடந்தது. நாத்தனார் குனிந்து மூன்றாவதை முகர்ந்தாள். "ஏதோ என் தம்பி வேர்வை நாத்தம் அடிக்குது," என்றாள்.

அதில் ஓரமாக ஒரு குமிழ் கிளம்பியிருந்தது. பிறகு ஒரு கொத்து. பத்து நிமிடத்தில் அரை விரல் உயரத்துக்கு நுரை கட்டியது. நாலாவதிலும் அதில் பாதி. பேக்கரிக்காரம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "அளவை ரெண்டு மடங்காக்கினா போதும்," என்றாள்.

பால் பவுடர் மஞ்சளேறிக் கட்டிகட்டியாக இருந்தது, தூக்கி வெளியே போட்டாள். எண்ணெய் டின் ஒன்று உப்பலாக வீங்கியிருந்தது, திறக்காமலே வெளியே. கோதுமை மாவை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துத் துப்பினாள். பழைய பெயின்ட் டப்பா வாடை, கசப்பு. அதுவும் வெளியே. சர்க்கரையும் உப்பும் இறுகிப் பாறையாகியிருந்தன, ஆனால் கெடவில்லை. "இதுங்களுக்குத் தேதி போடறதே ஒரு சம்பிரதாயம் சார்," என்றாள். அதிகாரி தலையாட்டினார்.

கடைசியாக மைதா. இருபத்தைந்து கிலோ மூட்டைகள் மூன்று. முதல் மூட்டையை எலி கடித்திருந்தது; மாவுக்குள் புழுக்கை. கையை எடுத்துவிட்டாள். இரண்டாவதில் வண்டும் நூலாம்படையும். ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தாள். வெறும் மாவு வாசனை. இறுக்கிப் பிடித்து விரித்தாள், உதிர்ந்தது. "வண்டு விழுந்த மாவு கெட்ட மாவு இல்ல. ரெண்டு தரம் சலிச்சா போயிடும். இந்த மூட்டை ஆகும்."

"எத்தனை பன் வரும்?"

"அறுநூறு, அறுநூத்தம்பது. சின்னதா உருட்டினா."

நூற்று அறுபத்து மூன்று பேர். இன்னும் மூன்று நாள். அதிகாரியின் உதடு அசைந்தது. மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்றேகால் பன். சாலை அதற்குள் திறந்தால். எல்லார் கண்ணும் மூன்றாவது மூட்டைக்குப் போனது.

அது சுவரோரமாக இருந்தது. வாயைப் பிரித்ததும் மாவு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது, வண்டுகூட இல்லை. நாத்தனார் "அப்பாடா," என்றாள். பேக்கரிக்காரம்மா மூட்டையைச் சாய்த்து அடிப்பக்கம் தடவினாள். கீழ் மூலை சுவரின் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. துணியைக் கிழித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு மாவு கட்டிப்பட்டு, பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருந்தது. மறுபடி மேல்பக்கம் வந்து முகத்தை மாவுக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். எங்கோ ஆழத்திலிருந்து ஈரச்சாக்கு வாடை, மிக லேசாக. இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

"இது ஆகாது," என்றாள்.

"மேல முக்கால்வாசி சுத்தமா இருக்கே," என்றார் அதிகாரி.

"கண்ணுக்குச் சுத்தம்."

"நல்லா வேகவெச்சா?"

"வெந்தா பூசணம் செத்துடும் சார். அது மாவுல விட்டுட்டுப் போன விஷம் சாகாது. இந்தக் கடையில ஒட்டச் சொல்லி நீங்க குடுத்த நோட்டீஸ்லயே போட்டிருந்துச்சு. எனக்கே அதைப் படிச்சுத்தான் தெரியும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தெரியும்மா. நான் எழுதின நோட்டீஸ்தான். ஆனா அதை எழுதினப்ப இந்த மாதிரி ஒரு நாள் வரும்னு எனக்குத் தோணல. என் பொண்டாட்டி நேத்து மத்தியானத்துலேர்ந்து வெறும் தண்ணி. உள்ள குழந்தை அசையறது குறைஞ்சிருக்குன்னு சொல்றா. மூலையை வெட்டிப் போட்டுட்டு மேல இருக்கறதை எடுத்தா என்ன? ஒரு மூலையில மட்டும்தானே?"

இத்தனை நேரமும் அவளுக்கும் அதே ஆசைதான். மாவைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. சரி என்று சொல்லிவிட்டால் பழி இரண்டு பேருக்கும் பாதிப் பாதி, அதுவும் அதிகாரியே கேட்டது. ஆனால் அவர் சொன்ன 'மட்டும்தானே' அவளைப் பிடித்து உலுக்கியது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சார், அந்தப் பிறந்தநாள் கேக். பதினோரு பிள்ளைங்க வாந்தி எடுத்ததே. என் வீட்டுக்காரர் கிரீம் டின்னைக் கையில வெச்சுக்கிட்டு, தேதி தாண்டிடுச்சேன்னு நின்னாரு. வேற டின் இல்ல. கேக்கு வாங்க ஆளு வாசல்ல நிக்குது. 'ஒன்பது நாள்தானே, போடுங்க'ன்னு சொன்னது நான். அவரு இல்ல."

அந்தப் பதினோரு பேரில் ஒரு பெண் குழந்தை பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. விசாரணைக்கு முதல்நாள் பேக்கரிக்காரம்மாவின் கணவன் அவளைக் கூப்பிட்டு, நீ வாயைத் திறக்காதே என்று மட்டும் சொன்னான். நான்தான் போட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவள் வாயைத் திறக்கவில்லை. கணவனின் அக்காவுக்குக்கூட இது தெரியாது. தம்பியின் கவனக்குறைவால் குடும்பம் தலைகுனிந்ததாக இத்தனை மாதமும் அவனைத் திட்டித் தீர்த்தவள் நாத்தனார். இப்போது அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேக்கரிக்காரம்மா எழுந்து மூன்றாவது மூட்டையின் வாயைப் பிடித்து இழுத்தாள். நாலு நாள் அரைப்பட்டினி உடம்பு. மூட்டை ஒரு சாண்தான் நகர்ந்தது. மறுபடி இழுத்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"இது இங்க இருந்தா சாயங்காலத்துக்குள்ள நாமளே எடுத்துடுவோம் சார். நீங்க இல்லாட்டி நான்."

பிறகு நாத்தனார் வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். "தூக்கு," என்றாள், முகத்தைப் பார்க்காமல். இருவருமாகத் தூக்கிவந்து வாசலில் ஓடிய சேற்றில் கவிழ்த்தார்கள்.

விறகு தூக்க ஆள் வேண்டுமா என்று பார்க்கத் தலைமையாசிரியை அனுப்பி மேஸ்திரி அப்போதுதான் தெருவில் வந்துகொண்டிருந்தார். வெள்ளை மாவு சேற்றில் கரைவதைப் பார்த்து ஓடி வந்தார். முட்டிபோட்டு இரண்டு கையாலும் அள்ளினார். விரலிடுக்கில் எல்லாம் கூழாக வழிந்தது. "பைத்தியமா உங்களுக்கு? நாலு பிள்ளைங்க சாப்பிடாம கிடக்குதுங்க," என்றார். அவர் அழுதார். அதிகாரி குறுக்கே வந்து "நான் பாத்துட்டுத்தான் கொட்டச் சொன்னேன்," என்றார். அது பொய். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வேலைதான். பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். மாவை இரண்டு தரம் சலித்தார்கள். தொட்டியைச் சுரண்டிக் கொதிநீரால் கழுவினார்கள். அடுப்பு சூடேற இரண்டு மணிநேரம் பிடித்தது. மாவு மெல்ல, மனசில்லாமல்தான் எழும்பியது. பாதி மாவைப் பிசைந்து மீதியை அடுத்த நாளுக்குக் கட்டி வைத்தாள். முதல் தட்டு வெளியே வந்ததும் அவளும் அதிகாரியும் ஆளுக்கு ஒன்று தின்றார்கள். ஒரு மணிநேரம் பொறுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்றார் அவர். அதனால் எதுவும் நிரூபணமாகாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பொறுத்தார்கள். சூடான பன்னின் மணம் தெருவில் பரவ, பள்ளிக்கூட வாசலில் ஜனங்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

மத்தியானம் ஆளுக்கு ஒரு பன். அடர்த்தியாக, கொஞ்சம் புளிப்பாக இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. நிறைமாதக்காரி தின்று முடித்த கொஞ்ச நேரத்தில், குழந்தை உதைக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார்.

நாலு மணிக்கு மேஸ்திரியின் கடைக்குட்டி வாந்தி எடுத்தாள். அடுத்த பத்து நிமிடத்தில் வேறொரு பையன். பிறகு இன்னும் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அறை அறையாகப் பேச்சு அடங்கியது. எல்லாரும் பேக்கரிக்காரம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் தாழ்வாரத்துத் தூணோரம் உட்கார்ந்தாள். அன்றைக்கும் இப்படித்தான், ஒன்றன்பின் ஒன்றாக. எதைத் தப்பவிட்டேன்? தண்ணீர் கொதித்ததா? தொட்டியின் மூலையைத் தேய்த்தோமா? எலி அந்த மூட்டையிலிருந்து இந்த மூட்டைக்கு வந்திருக்குமோ? மேஸ்திரியின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைக் கடந்துபோனாள். பேக்கரிக்காரம்மா கையை நீட்டினாள். அந்தப் பெண் விலகிப் போய்விட்டாள்.

அதிகாரி ஒவ்வொரு குழந்தையிடமும் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். எப்போது ஆரம்பித்தது, என்ன தின்றாய், என்ன குடித்தாய், கூட யார் இருந்தார்கள். பதினாலு மாதத்துக்கு முன்பு கேட்ட அதே கேள்விகள், அதே குரல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அரைமணி கழித்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "வாந்தி எடுத்த அந்தப் பையன் பன்னைத் தின்னவே இல்ல. சாயங்காலத்துக்குன்னு சட்டைப் பையில வெச்சிருக்கான். காலையில பின்பக்கம் கூரைக் குழாயில வழியற தண்ணியைக் குடிச்சிருக்காங்க, நாலு பேரும் சேர்ந்து. குழாய் மேல பறவை செத்துக் கிடக்கு. கேக்குதா உங்களுக்கு? பன் இல்லம்மா."

அவளுக்குக் கேட்டது. ஆனால் அழுகை நிற்க வெகுநேரம் பிடித்தது. நாத்தனார் வந்து முதுகில் கைவைத்தாள். "எந்திரி. கடையில சர்க்கரையும் உப்பும் இருக்குல்ல. தண்ணி கொதிக்கவெச்சுக் கலக்கிக் குடுக்கலாம்," என்றாள். விடியும்வரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார்கள். காலையில் கடைக்குட்டி எழுந்து பன் கேட்டாள்.

ஐந்தாம் நாள் ஒரு பன். ஆறாம் நாள் காலை ஒன்று, மாலையில் ஒன்றைப் பிய்த்து இரண்டு பேருக்கு. ஏழாம் நாள் ஒன்றுமில்லை. வயதானவர்கள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மேஸ்திரி எல்லார் காதிலும் விழும்படி, "ஒரு முழு மூட்டை. சேத்துல கொட்டினாங்க," என்றார். பலர் அதற்குத் தலையாட்டினார்கள். அவளும் அங்கேதான் இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் சரிவைத் தாண்டி நடந்தே ஆட்கள் அரிசி மூட்டைகளோடு வந்தார்கள். யாரும் சாகவில்லை.

அந்த ஆட்களோடு அவள் கணவனும் வந்தான், தலையில் ஒரு மூட்டையோடு, இடுப்புவரை சேறாக. பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் அவனிடம் நடந்ததைச் சொன்னாள். கிரீம் டின் விஷயத்தையும் சொல்லிவிட்டேன் என்றாள்.

அவன் காலைக் கழுவிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "பதினாலு மாசம் நான் எதுக்கு வாயை மூடிட்டிருந்தேன்?"

"எனக்காக."

"அப்போ நீ எதுக்கு வாயைத் திறந்த?"

"அதைச் சொல்லாம அந்த மூட்டையை வேணாம்னு சொல்ல முடியல," என்றாள். அவன் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். பிறகு அவளுடைய காலிலும் ஊற்றினான்.

அதிகாரி அறிக்கை எழுதும்முன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தக் கேஸ் முடிந்துவிட்டது, கிளற வேண்டுமா என்றார். எழுதுங்கள் என்றாள். எழுதினார், பூட்டை உடைத்ததையும், மாவைக் கொட்டச் சொன்னது தான் இல்லை என்பதையும் சேர்த்து. அவள் விற்பனைக்கு உணவு தயாரிக்க இரண்டு வருடம் தடை வந்தது. கணவனுக்கு ஆறு மாதத்தில் கடையைத் திறக்க அனுமதி கிடைத்தது. நாத்தனார் கல்லாவில் உட்கார்ந்தாள். தம்பியிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தினமும் டீயில் அவனுக்கு மட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டாள்.

ஒருநாள் காலை பேக்கரிக்காரம்மா கடைவாசலைப் பெருக்கும்போது மேஸ்திரி வந்தார். நாலு பன் வாங்கினார். போகாமல் நின்றார்.

"அந்த மூட்டை நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றார்.

"இருந்திருக்கலாம்ண்ணே," என்றாள்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். அவள் மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். அவர் பொட்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.